கோரலில் கோத்த பெயர்

கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்து கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேர்ட் கடிதத்துக்கு, போனால் போகிறதென்று ஆராய்ச்சிக் கட்டுரைக்கு. பக்கம் பக்கமாக ஓடுகிற புத்தகம் என்றால் பேஜ்மேக்கர். ஒற்றைத் தாளில் எழுத்தை வளைத்து, பூவைச் சுற்றி, பிள்ளையாரை உட்கார வைக்க வேண்டுமென்றால் கோரல் டிரா. கல்கத்தா ஜாதவ்பூரில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே நான் வேலை பார்த்த டிடிபி கடையில் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியது. அதுவும் வங்காளத்தில்.

என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் போனபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மகளோடு டாலிகஞ்சில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு வந்தேன். ஊருக்கு வந்துவிடு என்றார்கள். மகள் படிப்பைச் சாக்குச் சொன்னேன். உண்மையில் ஊரில் போய் மூலையில் உட்கார எனக்கு மனசில்லை. இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? தெரிந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களும் மாற்றலாகிப் போய்விட்டன. மகள் பேசுவதே பாதி வங்காளம், தமிழ் படிக்க வராது. அப்புறம் அவளுக்கும் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டிவிதான் பேசும். கடையில் வேலை ஓய்ந்திருக்கும்போது தமிழ் எழுத்துருவைத் திறந்து சும்மா எதையாவது அடித்துப் பார்ப்பேன். எனக்குத் தமிழில் பேச வேறு ஆள் கிடையாது.

மகளுக்கு வரன் பார்த்து முடித்தவர் கணவரின் அண்ணன். திருநெல்வேலியில் இருக்கிறார். தங்கமான மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. மண்டபத்திலிருந்து மாலைவரை எல்லாவற்றையும் அவரே தலையில் போட்டுக்கொண்டார். பத்திரிகையை மட்டும் நான் செய்து அனுப்புகிறேன் என்றேன். வாசகத்தைக் கூரியரில் அனுப்பினார். அழைப்பவர்கள் அவரும் அவர் மனைவியும். மணப்பெண், காலஞ்சென்ற என் கணவரின் மகள். என் பெயர் எங்கேயும் இல்லை.

போன் செய்து கேட்டேன்.

“நம்ம பக்கத்து வழக்கம் அப்படித்தானம்மா. ஒன்மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா சுபகாரியத்துல ஒன் பேரப் போட்டா நாலு பேரு நாலு விதமா பேசுவாவ.”

“பெத்தவ நான்தான, அத்தான்?”

“அத யாரு இல்லங்கா?” என்றார்.

ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை செய்து கொடுத்தவளுக்குத் தன் பெண்ணின் பத்திரிகையில் இடமில்லை. பார்த்துவிடலாம் என்று கோரலைத் திறந்து உட்கார்ந்தேன்.

அதில் ‘கர்வ்’ என்று ஒன்று உண்டு. அதைக் கொடுத்துவிட்டால் எழுத்து எழுத்தாக இருக்காது, படமாகிவிடும். எந்த அச்சகத்திலும் அப்படியே விழும், ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்றி அடிக்க முடியாது. தமிழ் எழுத்துரு இல்லாத கல்கத்தா அச்சகங்களுக்கு நான் அப்படித்தான் கொடுப்பது. என் பெயரைத் தனி வரியில் விடாமல், கணவர் பெயருக்கும் மகள் பெயருக்கும் நடுவில் கோத்தேன். மேலும் கீழும் கொடியை ஓட்டி, கர்வ் ஆக்கி, சிடியில் போட்டு ஊருக்கு அனுப்பினேன். என் பெயரைப் பிடுங்கட்டுமே, நடுவில் ஓட்டை பல்லிளிக்கும்.

சில நாளில் அவர் போன் வந்தது.

“பிரஸ்காரன் இதுல கைய வைக்க முடியலங்கான். பேஜ்மேக்கர்ல அனுப்பணுமாம்.”

“பேஜ்மேக்கர் புஸ்தகத்துக்கு, அத்தான். பத்திரிகைன்னா கோரல்தான்.”

“சரிம்மா, நீ தெரிஞ்சவ” என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இங்கே கொடுப்பதற்காகக் காளிகாட்டில் ஓர் அச்சகத்தில் அதையே அடித்து வாங்கினேன். மெட்ரோவில் பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, மேலே இருந்த கார்டில் என் பெயரையே பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்தவருக்கு என்னைப் பார்த்தால் என்ன தோன்றியதோ.

அப்புறம் ஊரிலிருந்து கூரியர் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. அதே வாசகம், அதே பிள்ளையார், கொடி மட்டும் கொஞ்சம் கோணல். என் பெயர் இல்லை. அங்கே ஒருவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து புதிதாக அடித்திருக்கிறான். அவ்வளவுதான் வேலை. இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்த எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

“அங்க உள்ளவங்களுக்கு ஒன் கார்டக் குடு, இங்க இது இருக்கட்டும். ஒனக்கும் திருப்தி, ஊருக்கும் திருப்தி” என்றார் போனில். அந்தக் குரலில் கள்ளமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கைக்கும் என் பெயர் போகப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார்டுகளையும் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பையும் எடுத்துக்கொண்டு எங்கள் கட்டிடத்தில் வீடு வீடாகப் போனேன். கீழ்வீட்டுக்காரியை பௌதி என்று கூப்பிடுவேன், அண்ணி என்று அர்த்தம்; அவளுக்கு நான் திதி, அதாவது அக்கா. கார்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்க ஆங்கிலத்தில் மணமக்கள் பெயரும் மண்டபமும் மட்டும்தான். மறுபடி தமிழ்ப் பக்கத்தைத் திருப்பித் தடவினாள்.

“உங்க எழுத்து எவ்வளவு அழகா இருக்கு, திதி. இதுல பொண்ணு பேர் எது?” என்று வங்காளத்தில் கேட்டாள்.

காட்டினேன்.

“உங்க பேர்?”

விரலை வைத்தேன். அவள் குனிந்து, என் விரலை மெல்ல நகர்த்திவிட்டுப் பார்த்தாள்.

அடுத்த வீடுகளில் அவர்கள் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை.