அப்பா வந்த கிறிஸ்மஸ்

நான் வில்பட்டியில் பூண்டு போடும் குடும்பத்தில் பிறந்தவள். கொடைக்கானலில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த கிறிஸ்தவர் ஒருவரைக் கட்டிக்கொண்டதும் பிறந்த வீட்டில் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். அவரோ மகள் நடை பழகும் முன்பே வத்தலக்குண்டில் இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டு மலையேறுவதை நிறுத்திவிட்டார். எனக்குக் கொடைக்கானலிலேயே ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் வேலை கிடைத்தது. அறுபதுகளில் நானும் மகளும் அதை வைத்துத்தான் பிழைத்தோம்.

அவளுக்கு ஐந்து வயது நடந்தபோது ஒருநாள் கான்வென்ட் விட்டு வந்தவள், "எல்லார் வீட்டுலயும் கிறிஸ்மஸ் மரம் இருக்காம். நம்ம வீட்டுல ஏம்மா இல்ல?" என்று கேட்டாள். எனக்குப் பழகிய பண்டிகை பொங்கலும் தீபாவளியும்தான். ஆனாலும் அந்த வருஷம் அவளுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாதென்று மனதில் விழுந்துவிட்டது.

ஏரிக்கரையில் காற்றுக்கு முறிந்து கிடந்த சைப்ரஸ் கிளையை இழுத்து வந்து, மண் போட்ட எண்ணெய் டின்னில் நட்டேன். ஹோட்டல் அறைகளில் வீசியெறிந்த சிகரெட் பெட்டிகளின் வெள்ளித்தாளைச் சேர்த்து, இருவரும் நட்சத்திரம் வெட்டித் தொங்கவிட்டோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் அச்சு வாங்கி அச்சுமுறுக்குச் சுட்டேன். முதல் ஈடு பூராவும் அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. மகள் அதைச் சுரண்டித் தின்றுவிட்டு, "இதுதாம்மா நல்லாருக்கு" என்றாள். கிழிந்துபோனதென்று ஹோட்டலில் தள்ளிய பூப்போட்ட திரையில் அவளுக்குக் கவுன் தைத்தேன். நாளெல்லாம் தண்ணீரில் கிடந்த விரல்கள் விறைத்துப்போயிருக்கும். அடுப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டுதான் ஊசியைப் பிடிப்பேன்.

கிறிஸ்மஸ் காலைப் பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா கோயில் வாசலில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். புதுக் கம்பளிக் கோட்டு. பக்கத்தில் என் நாத்தனார். வீட்டுக்காரர் கையில், படுக்கவைத்தால் கண் மூடுகிற பொம்மை.

"அப்பா வந்திருக்கேன், வா" என்றார்.

மகளுக்கு அவர் முகமே மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் என் கையை உதறிவிட்டு ஓடினாள்.

பொம்மையைக் கொடுத்துவிட்டு அவள் கவுனைத் தடவிப் பார்த்தார். "என்ன புள்ள, திரைத்துணியா? நல்லதா ஒண்ணு எடுக்கக் கூடாதா?"

"எடுத்துக் குடுக்க ஆளிருந்தா எடுத்திருப்பேன்" என்றேன்.

நாத்தனார் குறுக்கே வந்தாள். "நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காதீங்க மதினி. பிள்ளைய எங்க வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

என்னை வா என்று ஒரு வார்த்தை இல்லை. மகளின் முகத்தைப் பார்த்தபின் வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வெரசா கொண்டாந்து விட்டுருங்க" என்றேன்.

வெள்ளனே எழுந்து வைத்த கோழிக்குழம்பு வீட்டில் அப்படியே இருந்தது. பொழுது சாய்கையில் நாத்தனார்தான் மகளைக் கொண்டுவந்து விட்டாள். அவர் மத்தியானமே பஸ் ஏறிவிட்டாராம்.

"அத்தை வீட்டு மரம் கூரையத் தொடுது. நம்மது குட்டி" என்றாள் மகள். பிறகு, "அப்பா அடுத்த கிறிஸ்மசுக்கும் வருவாராம்" என்றாள்.

அந்த வருஷம் பூராவும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மறு கிறிஸ்மசுக்கும் கிளை நட்டேன், வெள்ளித்தாள் சேர்த்தேன். முறுக்கு இந்தத் தடவை ஒட்டாமல் வந்தது. அவள் ஒன்றுகூடத் தொடவில்லை. பூசை முடிந்ததும் வாசலை விட்டு நகர மறுத்தாள். கூட்டம் கலைந்தது. நாத்தனார் வேறெங்கோ பார்த்தபடி எங்களைக் கடந்து போனாள். கோயில்பிள்ளை கதவைச் சாத்தினார்.

"நீ சண்டை போட்டேல்ல, அதான் அப்பா வரலையா?" என்று கேட்டாள்.

உங்கப்பனுக்கு உன் நினைப்பே இல்லை என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

"ஆமா, போட்டேன்" என்றேன்.

வீடு வரும்வரை என் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தாள்.

அவர் அப்புறம் வரவே இல்லை. மகளும் வளர்ந்து, பிள்ளைகள் பெற்றுவிட்டாள். "எங்கம்மாவுக்குக் கோவம் ஜாஸ்தி. இல்லாட்டி எங்கப்பா வருஷா வருஷம் வந்திருப்பாரு" என்று அவர்களிடம் சொல்வாள். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த மனுஷன் செத்துப் பல வருஷமாகிறது. கல்லறைத் திருநாள் வந்தால் வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறிப்போய், மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறவள் அவள் ஒருத்திதான்.