வேல்ஸ் ஊரொன்றின் வரலாற்றில் என் மகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு எல்லாம் பிழையாகத் தொடங்கியது. வழக்கமாகத் தேவாலயத்தில் பூசை முடிந்து நாங்கள் மொன்றியலின் வில்லரே பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற, சரியாகப் பதினொரு மணிக்கு மகள் வேல்ஸிலிருந்து தொலைபேசி எடுப்பாள். அங்கே அப்போது பின்னேரம் நாலு மணி. ஐந்து நிமிடம் பிந்தினால் அது மறதி. பத்து நிமிடம் பிந்தினால் அவளுக்குத் தடிமன் காய்ச்சல். இருபதாவது நிமிடத்தில் என் மனம் ஆற்றங்கரைக்குப் போய்விட்டது.

அந்த ஆற்றை எனக்கு நன்றாகத் தெரியும். அது எப்போதெல்லாம் பெருக்கெடுத்தது, எந்தக் கடையின் எத்தனையாவது படிவரை தண்ணீர் ஏறியது என்று உலகத்துக்கு எழுதி வைத்தவள் நான்தான். ஆனால் வேல்ஸுக்கு நான் ஒருநாளும் போனதில்லை.

மகளுக்குப் பத்தொன்பது வயது. ஒரு வருடப் படிப்புக்கென்று அந்தச் சின்ன ஊரைத் தானே தெரிவு செய்து போனாள். ஊரின் பெயரை எழுத மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்.

யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியம் அந்த நாட்களில்தான் எல்லோர் வாயிலும் அடிபடத் தொடங்கியிருந்தது. அவள் விமானம் ஏறுவதற்கு முன்பே அதில் ஊரைத் தேடிப் பார்த்தேன். நாலு வரி. ஒரு ஆறு, ஒரு பழைய பாலம், மூடிப்போன கற்பலகைச் சுரங்கம், ஒரு ரக்பி அணி. தெருவிளக்குகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள். மொன்றியலில் பதினாலு வருடமாக கார்தெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குக் கை கழுவப் பழக்குகிறேன். என் பட்டத்தை இங்கே யாரும் கேட்டதில்லை. கலைக்களஞ்சியமும் கேட்கவில்லை. ஆனால் அது கேட்காமலேயே உள்ளே விட்டது. வேல்ஸ் உள்ளூர் வரலாற்றை எழுதத் தொண்டர்கள் தேவை என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தார்கள். நான் சேர்ந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து மலைச்சரிவில் இருக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போவேன். யாரும் இரவல் வாங்காத பயண நூல்களையும் தேவாலயக் குறிப்புகளையும் தூசி தட்டி வாசிப்பேன். எழுதியது வரலாற்றுப் பட்டதாரி என்றாலும் தேடியது தாய். வெள்ளம், சுரங்கச் சரிவு, நச்சுக்காய்ச்சல், பாலத்தில் குதிரை மிரண்டு விழுந்த பால்காரர், ஒன்றையும் விடவில்லை. நாலு வரி நாலு மாதத்தில் நீண்ட கட்டுரையாகிவிட்டது. அதை வாசிக்கிற ஒருவர் அந்த ஊரைவிட்டு உயிரோடு வெளியே போனவர்களே இல்லை என்றுதான் நினைப்பார்.

கட்டுரையைத் திருத்துபவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில் ஒருவர் மிகவும் பண்பாக எழுதினார்: “இந்த ஊருக்குச் சில நல்ல நாட்களும் இருந்தன என்று நம்புகிறேன்.”

அவர் அந்த ஊர்க்காரர், ஓய்வுபெற்றவர். தன் முகத்துக்குப் பதிலாகப் பாலத்தின் படத்தைப் போட்டிருந்ததால் நான் அவரைப் பாலத்துக்காரர் என்று சொல்வேன். என் கணவர் “உம்மட சிநேகிதர்” என்பார். சிநேகிதம் எதுவும் இல்லை. ஏழு மாதம் நாங்கள் சண்டைதான் பிடித்தோம். பெரிய சண்டை ஒரு பழைய போதகரைப் பற்றியது. அவர் இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் ஆருயிர்க் கணவர், இன்னாரின் மைத்துனர் என்று நான் ஒரு பந்தி எழுதியிருந்தேன். பாலத்துக்காரர் அதை முழுதாக வெட்டினார். மைத்துனர்கள் கட்டுரைக்குத் தேவையில்லையாம். எங்கள் பக்கத்தில் மைத்துனர் இல்லாத மனிதரை ஒரு மனிதராகவே எடுப்பதில்லை என்று நான் பதில் எழுதினேன்.

“ஏனப்பா, அந்தப் போதகற்ற முப்பத்தோராம் நாள் நினைவு மலரையும் நீரே அடிச்சு விடுமன்” என்றார் கணவர்.

கட்டுரைக்குப் படங்களும் தேவைப்பட்டன. மகளைக் கேட்டேன். கல்லூரியிலிருந்து அவள் அறைக்கு வரும் வழியில் எத்தனை வரலாற்றுச் சின்னங்கள் இருந்தன என்பதைக் கண்டுபிடித்தது நான்தான்.

“தெருவிளக்கும் விழுகிற மாதிரி எடு பிள்ளை.”

“அம்மா, லாம்ப்போஸ்ட்டுக்கு என்ன ஹிஸ்ரி?”

“எல்லாத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு.”

“எனக்கு விளங்குது அம்மா. நீங்கள் என்னை வேவு பாக்கிறியள்.”

ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் அனுப்பினாள்.

அந்த ஞாயிறு பன்னிரண்டு மணி, ஒரு மணி, இரண்டு மணி எல்லாம் போனது. அவளது கைத்தொலைபேசியில் ஒரு பெண் ஆங்கிலத்திலும் பிறகு வேல்ஸ் மொழியிலும் இணைப்பு இல்லை என்று சொன்னாள். மூலைக்கடை டெபனரில் வாங்கி வைத்திருந்த தொலைபேசி அட்டைகள் இரண்டும் முடிந்தன. ஜான்-டலோன் சந்தையில் வாங்கிவந்த கீரையைக் கணவர் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“பிள்ளை நித்திரையாக்கும்.”

“பின்னேரத்திலயோ?”

“நாங்களும் அந்த வயசில பகலில படுத்தனாங்கள்தானே.”

“நாங்கள் அந்த வயசில பங்கருக்குள்ள படுத்தனாங்கள்.”

அவர் கீரையை வைத்துவிட்டுத் தானே தொலைபேசியை எடுத்தார். அந்தப் பக்கத்துப் பொலிஸ்காரர் மரியாதையாகக் கதைத்தாராம். பத்தொன்பது வயது ஆள் ஒருநாள் வீட்டுக்கு எடுக்காவிட்டால் அதைக் காணாமற்போனது என்று பதிய முடியாதாம். காணாமற்போனது என்ற சொல்லை வேறு யாராவது அவ்வளவு இலேசாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு அவர் வைத்துவிட்ட கீரையை எடுத்து நான் ஆயத் தொடங்கினேன்.

திங்கள் காலை எட்டு மணிக்கும் செய்தி இல்லை. கார்தெரிக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு மேசையில் இருந்து யோசித்தேன். அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? இறந்துபோன முந்நூறு பேரைத் தெரியும். உயிரோடு இருப்பவர்களில் ஒருவரைத்தான் தெரியும். அவரது முகவரியும் தெரியாது, தொலைபேசி எண்ணும் தெரியாது. அவரைப் பிடிக்கக்கூடிய ஒரே இடம் உரையாடல் பக்கம்.

எழுதத் தொடங்கினேன். இங்கேதான் பெரிய பிழை நடந்தது. பதற்றத்தில் கைக்குப் பழகியதுதான் வரும். ஊருக்குப் பொதுவில் ஒரு செய்தி சொல்வதற்கு என் கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு வடிவம். எங்கள் தேவாலயப் பங்கில் யாராவது காலமானால் பத்திரிகைக்கும் இணையத்துக்கும் அறிவித்தலை எழுதிக் கொடுப்பது நான்தான். ஆகவே ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்:

யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகவும், மொன்றியலைப் பிறப்பிடமாகவும், தங்கள் ஊரை வதிவிடமாகவும் கொண்ட எங்கள் பாசமிகு ஏகபுத்திரி, இன்னாரின் அன்புப் பேத்தியும், லாசாலில் வசிக்கும் இன்னாரின் பெறாமகளும் ஆவார். ஞாயிறு பிற்பகல் நாலு மணி தொடக்கம் அவரது குரலை நாம் கேட்கவில்லை. உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்று, கீழ்க்காணும் இல்லத்துக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கீழே தெரு, வீட்டிலக்கம், அவள் வழக்கமாகப் போடும் சாம்பல் நிற மேலங்கி. இறால் ஒத்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்தேன்.

பத்து நிமிடத்தில் அறிவித்தலைக் காணவில்லை. எங்கோ இருந்த ஒரு நிர்வாகி நீக்கியிருந்தார். காரணம் எழுதியிருந்தார்: “மரண அறிவித்தல். குறிப்பிடப்பட்ட நபர் குறிப்பிடத்தக்கவர் அல்ல.”

திரும்பப் போட்டேன், திரும்ப நீக்கினார். மூன்றாம் முறை போட்டபோது, ஒருநாள் முழுவதும் நான் எதையும் எழுத முடியாதபடி என்னைத் தடை செய்தார். சுரங்கத்துக்குள் விழுந்த ஒரு கழுதைக்கு அந்தக் கட்டுரையில் இரண்டு வரி உண்டு. அதை யாரும் நீக்கவில்லை.

“அது மரண அறிவித்தல் இல்லையே?” என்று கணவரைக் கேட்டேன்.

நான் அச்சிட்டு வைத்திருந்த தாளை அவர் ஒருதரம் வாசித்தார். பிறகு இன்னொருதரம் வாசித்தார். “அடக்க ஆராதனை நேரம் மட்டும்தான் போடேல்ல” என்றார்.

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கடவுச்சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். நான் செபமாலையை எடுத்தேன். எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியாமல் அதையும் வைத்துவிட்டேன்.

பதினொன்று பத்துக்குத் தொலைபேசி அடித்தது.

“அம்மா, நான் செத்துப்போனனாம்.”

நான் தொலைபேசியைக் கணவரிடம் நீட்டினேன். கணவர் வாங்கி, “எங்க பிள்ளை நிக்கிறாய்? சாப்பிட்டியோ?” என்று கேட்டார். வேறு எந்தக் கேள்வியும் அவருக்கு வரவில்லை. பிறகு திரும்ப என்னிடம் தந்தார்.

அவள் வகுப்புப் பிள்ளைகளோடு மலையில் ஒரு பண்ணை வீட்டுக்குப் போயிருந்தாள். மழையில் பாதை மூடிவிட்டதால் ஒருநாள் பிந்தித் திரும்பியிருக்கிறாள். அங்கே தொலைபேசி வேலை செய்யாது.

“ஒரு சொல் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமே?”

“சொன்னனான். வெள்ளிக்கிழமை மெயிலில, ஏழாவது படத்துக்குக் கீழ எழுதினனான். நீங்கள் லாம்ப்போஸ்ட்டைத்தானே பாத்திருப்பியள்.”

ஏழாவது படத்தில் இரண்டு விளக்குகள் இருந்தன, ஒன்று எரியவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில் மிச்சத்தைச் சொன்னாள். அறைக்கு வந்து குளித்துவிட்டு நின்றபோது கதவில் மணி அடித்திருக்கிறது. திறந்தால் வாசற்படி முழுக்கப் பூங்கொத்துகள். தெருவில் தேவாலயத்துப் பெண்கள் நாலு பேர் கேக் தட்டுகளோடு, கறுப்பு உடுப்பில். எல்லோருக்கும் முன்னால், மழையில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒரு வயதானவர். நீக்குவதற்கு முன்பே அறிவித்தலை வாசித்துவிட்ட பாலத்துக்காரர்தான் அவர்.

ஈரத் தலையோடு நின்ற அவளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு சொன்னாராம்: “நீங்களேதானா? நல்லது. உள்ளே போய் முதலில் அம்மாவுக்கு எடுங்கள். இவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.”