நாய்க்குப் போட்ட முதல் கவளம்

கண்டியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பன்விலையிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குப் போனபோது, அப்பா அடுப்பில் காளான் கறி வைத்திருந்தார். வாசலில் எங்கள் நாய் தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்ன போட்டீங்கப்பா?"

"காளான்தான் புள்ள. ரெண்டு மூணு வேற மாதிரி இருந்துச்சு. ஒரு மணி நேரம் பாத்துட்டு நாம சாப்பிடலாம்."

எங்கள் தோட்டத்தில் சந்தேகமான காளானை இப்படித்தான் சோதிப்பார்கள். நானும் நாய்க்குப் பின்னால் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். சில காளான்களின் விஷம் ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் வெளியே தெரியாமல் இருக்கும் என்பதைப் படிக்கப் போன பிறகே அறிந்தேன். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"எங்கப்பா காலத்துலருந்து இப்படித்தான். யாரு செத்தா?"

"நாய்ங்க?"

அவர் கறியைக் கிளறினார். "நாய் சாகும். அது வேற கத."

அப்பாவிடம் கேட்டுக் கேட்டுக் கைபேசியில் குறித்தேன். தின்றது ஒன்பது நாற்பதுக்கு. மூன்று காளான். வெங்காயம், பூண்டு, அவையும் நாய்க்கு ஆகாது. நிறம் வெள்ளை, தண்டில் வளையம், அடியில் கிண்ணம் போல. ஆளைக் கொல்லும் காளானுக்கும் இதே அடையாளங்கள்தான். வெட்டாமல் மிஞ்சியிருந்த ஒரு காளானைக் காகிதப் பையில் போட்டேன். அப்பா வாந்திக்காக உப்புத்தண்ணீர் கொண்டுவந்தார்; உப்பே நாயைக் கொல்லும் என்று வாங்கிக் கொட்டினேன். கறியையும் கொட்டினேன்.

நானும் நாயும் கட்டுகஸ்தோட்டை மிருக வைத்தியரிடம் ஆட்டோவில் போனோம்.

"நோவு ஒண்ணும் இல்லையே மிஸ், சிரிச்சிக்கிட்டுல்ல வருது" என்றார் ஓட்டுநர்.

நாய் வாலாட்டியது. நான் மணியைப் பார்த்தேன்.

மிருக வைத்தியர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார், கரித்தூள் மருந்து புகட்டினார். காளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னன்னு எனக்குத் தெரியாது. விஷம்னே வச்சுக்குவோம். நாளைக்கு ஓடி விளையாடினாலும் நம்பாதீங்க. மூணாவது நாள் ஈரலப் பாக்கணும்."

மறுநாள் அது கோழிகளைத் துரத்தியது. நான் திங்கட்கிழமைக்கும் லீவு சொல்லிவிட்டு அதன் பின்னாலேயே திரிந்தேன். ஈறின் நிறம், குடித்த தண்ணீர், சிறுநீர் எல்லாவற்றையும் மணிக்கு ஒரு தடவை எழுதினேன். எழுதாத நேரங்களில் அதன் விலாவில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் இரத்தம் எடுத்தார்கள். முடிவில் இருந்தவை தினமும் நான் பார்க்கிற மாதிரி எண்கள்தான், ஆனாலும் மூன்று தடவை வாசித்த பிறகே புரிந்தது. ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"அப்ப நல்ல காளான்தான்" என்றார் அப்பா. "ஒரு சட்டி கறிய வீணாக்கிட்டியே புள்ள."

"வாந்தி எடுத்ததால பொழைச்சிருக்கலாம்ப்பா. நல்லதா கெட்டதான்னு இன்னும் தெரியாது."

"நாய் நிக்குதே."

பக்கத்து வீட்டு அக்கா கூடையோடு எட்டிப் பார்த்தார். "எந்தச் சரிவுல மாமா பறிச்சீங்க?"

அப்பா கையை நீட்டிக் காட்டினார். நான் கையில் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு, அங்கே மிஞ்சிய காளான்களைப் பிடுங்கியெறிய அக்காவுக்கு முன்னால் சரிவில் இறங்கி ஓடினேன்.