பாதியில் அறுந்த பெயர்கள்

ஜென்சிக்குக் கணினி படிப்பித்தவர் எவருமில்லை. கிழமை நாட்களில் கார்டரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவாள். சனிக்கிழமைகளில் நோத்ர-டாம்-த-கிரேஸ் கோயில் அலுவலகத்தில் பாட்டுத்தாள் அடித்துக் கொடுப்பாள். அப்படியே தட்டித் தடவிப் பழகியதுதான். மன்னார்க்காரி, எடுத்த காரியத்தை இலேசில் விடமாட்டாள்.

2004இல் ஒரு சனிக்கிழமை, நகரத்தின் மறுகோடியிலுள்ள பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ் மாறி மாறி அல்பேட் வந்து சேர்ந்தார். மனைவி றோசா நோயில் மோசம்போய் ஒரு மாதம். அன்று பின்னேரம் நினைவுத் திருப்பலி. றோசா பாடிய பாட்டுகளைச் சின்னப் புத்தகமாக்கி வருகிறவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது மனிதரின் ஒரே ஆசை.

ஜென்சி அடித்து வைத்த பாட்டெல்லாம் அலுவலகத்துப் பழைய கணினியில் இருந்தன. அதில் பிரின்டர் வயர் செருகுமிடம் பழுதாகிவிட்டதால், போன கிழமை யாரோ பிரின்டரைப் பக்கத்து அறைப் புதுக் கணினியில் பூட்டி, இரண்டுக்கும் பொதுவாக்கிவிட்டிருந்தார்கள். பழசு அதைக் கண்டால்தானே! அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தது. புதுசிலோ தமிழ் எழுத்துரு இல்லை. பாட்டைத் திறந்தால் வெறும் இங்கிலீஷ்க் குப்பை.

ஜென்சி வயர்களைக் கழற்றிப் பூட்டினாள், இரண்டையும் நிறுத்தி எழுப்பினாள். ஒன்றும் சரிவரவில்லை.

“விடு பிள்ளை, பாட்டுப் புத்தகம் இல்லாமலே ஒப்பேத்துவம்,” என்றார் அல்பேட். அந்தக் குரல் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுபடி புதுசின் முன்னால் போய் இருந்தாள். பிரின்டருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘சேந்தந்துவான்தபதூ’ என்று புனித அந்தோனியாரின் முழுப்பெயரையும் பிரெஞ்சில் ஒரே மூச்சாக நீட்டியிருந்தார்கள். காணாமற்போனதைத் தேடித் தருகிறவரையே தொலைத்துவிட்ட கெட்டித்தனத்தை என்னவென்பது!

நீளப் பெயரின் பாடு அவளுக்குத் தெரியாததா? அவளுடைய மருத்துவ அட்டையிலேயே அப்பாவின் பெயர் பாதியில் அறுந்து நிற்கிறது. இந்த நாட்டில் கட்டம் முடிந்தால் பெயரும் முடிந்தது. பழைய கணினிக்கும் கட்டம் சிறிதாக இருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது.

“குறை நினையாதையும், அந்தோனியாரே,” என்று சொல்லி, ‘அந்துவான்’ என்று மட்டும் வைத்தாள். பழசு உடனே கண்டுகொண்டது. கெட்டிக்காரி என்றால் இவளல்லவா கெட்டிக்காரி!

பிரின்டர் இருமிக்கொண்டு எழும்பிப் பாட்டுப் புத்தகத்தின் முன்னட்டையைத் தள்ளியது. அல்பேட் அதைக் கையில் எடுத்து, ‘இன்னாசிமுத்து றோசலின் மரியபுஷ்பம் அல்பேட்’ என்ற மனைவியின் பெயரைக் கடைசி எழுத்துவரை விரலால் தடவினார். வேலையிடத்தில், ஆஸ்பத்திரியில், கடைசியில் சவப்பெட்டித் தகட்டில்கூடப் பாதியிலேயே நின்றுபோன பெயர் அது.

“முழுப்பேரும் வந்திருக்கு, பிள்ளை,” என்றார்.