ரேடியோவில் ஏறிய குலவை

ரேடியோ பொய் சொல்லாது என்று எங்கள் ஊரே நம்பியிருந்த காலம் அது. நானும்தான் நம்பினேன், அதிலென்ன வெட்கம். அன்னவாசலுக்கு மேற்கே, பாறையும் பொட்டலுமாகக் கிடக்கிற சின்ன ஊர் எங்களுடையது. பஞ்சாயத்துக் கட்டடத்தின் உச்சியில் ஒரு ரேடியோக் குழாய் கட்டியிருந்தார்கள். சாயங்காலம் அது பேச ஆரம்பித்தால் மேய்ச்சல் முடிந்து வருகிற ஆடுகூட நின்று கேட்கும். செம்மண் புழுதி அந்த வெயிலில் மஞ்சளாக மிதக்கும்; அதற்குள்ளிருந்து யாரோ நம்மோடு மட்டும் பேசுகிற மாதிரி இருக்கும். டில்லியில் ஒருவர் தும்மினால் எங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் கண்மாய் மடை உடைந்து கிடப்பதுதான் டில்லிக்குத் தெரியாது.

அந்த மடைக்கு நேர் கீழே அக்கா வீட்டு வயல். என் கூடப் பிறந்தவள். அவளை இந்த ஊருக்குக் கட்டிக் கொடுத்தார்கள், பின்னாலேயே என்னையும். மழை பெய்யும், கண்மாய் நிறையும், உடைந்த மடை வழியாக ராவும் பகலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கரையில் நின்று பார்த்தால் கண்ணாடி வழுக்கிப் போகிற மாதிரி அவ்வளவு அழகு. நெல் பூக்கிற நேரத்துக்குக் கண்மாயில் சேறுதான் மிஞ்சியிருக்கும். மண்ணும் தழையும் போட்டு அடைத்துப் பார்த்தோம், ஒரே மழையில் கரைந்தது. கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்ட வேண்டிய வேலை, எங்கள் கையில் இல்லை.

"இந்தத் தடவையும் விளையலன்னா மாட்டை வித்துட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குப் போயிருவோம்" என்று மச்சான் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், டில்லியில் ஆள்கிற தலைவரே எங்கள் கண்மாய்க் கரைக்கு வந்திருக்கிறார். ஓட்டுக் கேட்டு ஊர் ஊராகப் போனபோது ஜீப்பில் நின்றபடி மடையைப் பார்த்தார். அடுத்த நடவுக்குள் கட்டித் தருகிறோம் என்று அவர் சொன்னதாகக் கூட வந்தவர் தமிழில் சொன்னார். பூசணிப்பூ நிறத்தில் ஒரு துண்டு போட்டிருந்தார், எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கைதட்டினோம். அப்புறம் எத்தனையோ ஆடி வந்து போனது.

ஒருநாள் குழாய் சொன்னது, தலைவர் பதவியை விட்டுப் போகிறாராம். ஊரில் ஒருத்தருக்கும் பொறுக்கவில்லை.

"போறாராம்ல! நல்லாப் போகட்டும். மடையை யாரு கட்டுறது, அவுக மாமனா?"

"கூட்டத்துல மாலை வாங்கத் தெரிஞ்சுச்சு, இப்பப் போகவும் தெரியுது. அப்பறமென்ன!"

அக்கா மட்டும் திட்டவில்லை. "போறதுக்குள்ள யாராச்சும் அவரு காதுல போடணும்டி. ஒரு வார்த்தை போதும், கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிருவாரு" என்றாள். கனவில் பேசுகிறவள் மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் நினைத்த மாதிரியே ஒரு ஜீப் வந்தது. ரேடியோக்காரர்கள். தலைவரைப் பற்றி மக்கள் பேசுவதைப் பிடித்துக்கொண்டு போக வந்தார்களாம். புளியமரத்தடியில் பெஞ்சைப் போட்டு, அதன்மேல் ஒரு பெட்டியை வைத்தார்கள். பெட்டியில் இரண்டு சக்கரங்கள் மெல்லச் சுற்றின. அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் தூக்கம் வந்துவிடும் போலிருந்தது.

"தலைவர் போறதை நினைச்சா அழுகை வருதுல்ல பெரியவரே?" என்று கண்ணாடி போட்ட அதிகாரி எங்கள் ஊர் அம்பலகாரரைக் கேட்டார்.

"அழுகை ரொம்ப நாளா வருதுங்க, மடையை நெனைச்சு."

அதிகாரி பொத்தானைத் தட்டினார். சக்கரம் நின்றது. "அதை விடுங்க. தலைவரைப் பத்திச் சொல்லுங்க."

"நல்ல மனுசருதான்..." சக்கரம் சுற்றியது. "ஆனா..." சக்கரம் நின்றது.

நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வாயில் 'ஆனா' வந்தாலும் அது நின்றது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இதற்கு எதற்கு நாங்கள்? கேள்வியையும் கேட்டு, பதிலையும் அவரே சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே!

"இந்த ஆளு நம்ம பேச்சை ஏத்தமாட்டாரு. வாக்கா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"சும்மா இருடி" என்று சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். அதிகாரியைப் பார்க்கவே இல்லை. பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். கரையில் நின்று தலைவர் சொன்னது, கருகிய பயிர், மாட்டை விற்கப் போவது, எல்லாவற்றையும் சொன்னாள். "போறதுக்கு முன்னாடி இதை மட்டும் செஞ்சுட்டுப் போங்கய்யா, நாங்க இந்த ஊருலயே கெடந்துக்கிறோம்" என்றாள். அதிசயம், சக்கரம் நிற்கவே இல்லை. அதிகாரி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, சொல்லுங்க" என்றார். அந்த நேரம் அவருக்கும் மனசு இளகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் பிடாரி முன்னால் நின்று ஒரு குறையைச் சொன்னால், சொல்லி முடித்ததும் குலவை போட வேண்டும். போட்டால்தான் சாமி காதில் ஏறியதாகக் கணக்கு. அந்தப் பழக்கத்தில் அக்கா நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். நாங்களும் சேர்ந்து போட்டோம். அவள் குலவையைத் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். முடிக்கிற இடத்தில் சரேலென்று மேலே ஏறி அறுந்துபோகும். அதிகாரியின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "பிரமாதம்! பிரமாதம்!" என்றார்.

அந்த நிகழ்ச்சி வருகிற அன்று ஊரே பஞ்சாயத்து வாசலில் கூடியது. அக்கா தலை சீவிப் பூ வைத்து, மச்சானையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். குழாய் பேசியது. "தலைவர் விடைபெறும் இவ்வேளையில், புதுக்கோட்டைச் சீமைக் கிராமத்துப் பெண்கள் குலவையிட்டு வாழ்த்தி வழியனுப்புகிறார்கள்." குலவை வந்தது. உடனே நாதஸ்வரம் வந்துவிட்டது.

"இதுக்கு முன்னாடி நான் பேசுனேன்ல?" என்று அக்கா என்னைக் கேட்டாள். "பேசுனேன்ல, நீ பாத்தேல்ல?"

மச்சான் எழுந்து நடந்துவிட்டார். "அடப் பாவிகளா, நாசமாப் போக!" என்று நான் ஒரு மண்கட்டியை எடுத்துக் குழாயைப் பார்த்து வீசினேன். அவ்வளவு உயரத்துக்கு அது எட்டவில்லை.

அந்த வருஷமும் விளையவில்லை. மாடு போனது. பஸ்ஸில் ஏறும்போது அக்கா, "போயிட்டு வாரேன்டி. மடை கட்டுனா சொல்லி அனுப்பு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அதுதான் என்னை இன்றுவரை கொல்கிறது.

அடுத்த கோடையில் ஒரு சாயங்காலம், தலையில் புல்லுக்கட்டோடு பஞ்சாயத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். புழுதி அதே மஞ்சளில் மிதந்தது. குழாய் பேசிக்கொண்டிருந்தது. புதிய தலைவர் தென்னாட்டுக்கு வந்திருக்கிறாராம். "கிராமத்துப் பெண்கள் குலவையிட்டு வரவேற்கிறார்கள்" என்றது.

அப்புறம் குலவை. புல்லுக்கட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அது எங்கள் குலவை. நடுவில் என் குரல்கூட இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அக்கா.

பஞ்சாயத்தில் ரேடியோ போடுகிறவருக்கும் புரிந்துவிட்டது. கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். "அணைச்சுரவா ஆத்தா?" என்று கேட்டார்.

"கையை வச்சீங்க, கெட்ட கோவம் வரும்" என்றேன். "அவ முடிக்கட்டும்."