பட்டன் அக்காவும் ஏழு ஊர்க்காரர்களும்

எங்கள் தையல் கம்பெனி லைனில் பட்டன் அக்காவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சம்பளச் சீட்டில் மட்டும் ஒரு பெயர் இருந்தது. கோட்டுக்கு வைக்கும் தடித்த பட்டன்களுக்கு மெஷின் தையல் நிற்காது, கையால்தான் தைக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அக்காவுக்கு அதுதான் வேலை. நான் பக்கத்து மேசையில் பிசிறு நூல் வெட்டுகிறவள். நான் அதிகம் பேசுவதில்லை என்பதால் "வாயில்லாப் பூச்சி" என்று எனக்குப் பெயர் வைத்ததும் அவள்தான்.

எங்கள் இடத்தில் ஊசி உடைந்தால் அதன் துண்டுகள் எல்லாம் கிடைத்த பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நின்றுவிடும். யாருடைய ஊசி உடைந்தாலும் முதலில் மண்டி போட்டுத் தரையைத் தடவுகிறவள் பட்டன் அக்கா. "போட்டுக்கிறவங்க உடம்புல குத்திடக் கூடாதுடீ" என்பாள். எந்த நாட்டிலோ யாரோ போடப்போகும் கோட்டு. அவள் அப்படித்தான்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையின் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு, தங்கையும் இரண்டு பிள்ளைகளும் அவளோடு வந்துவிட்டார்கள். ஒரே அறை. நடுவில் அலமாரியைக் குறுக்கே நிறுத்தி இரண்டாக்கியிருந்தார்கள். நான்கு வாய்க்கும் அவள் சம்பளம்தான்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் வேலையை விடப்போவதாகச் சொன்னாள்.

நாங்கள் வந்த நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இனி கையெழுத்து இல்லை, எல்லோரும் வலது கைப் பெருவிரல் ரேகையை மெஷினில் பதிய வேண்டும், பதினைந்தாம் தேதிக்குள் பதியாதவர்களுக்கு வேலை இல்லை. மற்றவர்கள் படித்துவிட்டு, ஐந்து நிமிஷம் பிந்தினாலும் இனிப் பிடித்துவிடுவான் என்று முணுமுணுத்ததோடு சரி. அக்கா மட்டும் நோட்டீஸ் முன்னால் வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"வலது கைன்னு போட்டிருக்கான், பாத்தியா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு கூடத்தில் அவள் ஞாயிறுதோறும் ஜெபத்துக்குப் போவாள். அங்கே வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் சுவர் அகலத்துக்குப் படம் தொங்கவிட்டு, பைபிளின் கடைசிப் புத்தகத்தை விளக்கியிருக்கிறார். ஏழு தலை மிருகம். வலது கையிலோ நெற்றியிலோ அதன் முத்திரை, அதற்கு அறுநூற்று அறுபத்தாறு என்று ஒரு எண். முத்திரை இல்லாதவர்கள் வாங்கவும் விற்கவும் முடியாது. இருப்பவர்களுக்கோ கடைசியில் நெருப்பு. அந்த முத்திரை மெஷினாக வரும், வேலை செய்யும் இடத்துக்கே வரும் என்றும் சொல்லியிருக்கிறார்.

"சோறு இல்லாம செத்தா ஒரு சாவு. அதுல கை வெச்சா முடிவே இல்லாத சாவு" என்றாள் அக்கா.

வேலையை விடும் கடிதத்தை அன்றே எழுதி, நான்காக மடித்து, ஊசி டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தங்கை மதிய இடைவேளையில் கேட்டுக்கே வந்து சத்தம் போட்டாள். "நீ மேல போயிடுவக்கா! நாங்க மூணு பேரும் எங்க போறது? அதையும் அந்தப் படத்துல போட்டிருக்கானா?" அக்கா தங்கையின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் ஒரு வேதாகமக் கல்லூரியில் வாட்ச்மேன். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுநாள் கேட்டில் ஒரு பேராசிரியரை நிறுத்திக் கேட்டிருக்கிறார். பேராசிரியர் சிரிக்கவில்லையாம். அறைக்குப் போய், பின் அடித்த பதினாறு பக்க வகுப்புக் குறிப்பு ஒன்றை எடுத்து வந்து, "முழுசும் படிக்கச் சொல்லுங்க. பாதியில நிறுத்தினா பயம்தான் மிச்சம்" என்று கொடுத்தாராம். கடைசிப் புத்தகத்தின் வரலாற்றுப் பின்னணி என்று மேலே தட்டச்சு செய்திருந்தது.

அக்காவுக்குச் சின்ன எழுத்து தெரியாது. கண் மங்கிவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வேறு வழியில்லாமல் நான்தான் படித்தேன், மதிய இடைவேளையில், அட்டைப்பெட்டி அடுக்கின் மறைவில். முதல் நாள் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தண்ணி குடிச்சிட்டுப் படி. நான் எங்கயும் ஓடிடல" என்றாள் அக்கா.

அந்தக் காலத்தில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது, ஒருவர் நின்று சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள், இந்தப் புத்தகமும் அப்படி வாசிக்கவே எழுதப்பட்டது என்று குறிப்பில் இருந்தது.

"அப்ப நாம சரியாத்தான் பண்றோம்" என்றாள் அக்கா. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

எழுதியவரை அவள் தீவுக்காரர் என்றே சொன்னாள். விசுவாசத்துக்காக ஒரு கல்லுத் தீவில் ஒதுக்கப்பட்டவர், முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுதியிருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் அதை உலகத்துக்குப் பொதுவாக எழுதவில்லை. ஏழு ஊர்களில் இருந்த ஏழு சின்னக் கூட்டங்களுக்கு எழுதினார். கடிதம் கொண்டுபோகிறவன் ஒரே பாதையில் ஒவ்வொரு ஊராகப் போகும் வரிசையிலேயே அந்த ஊர்கள் வருகின்றன.

மூன்றாம் நாள் தியத்தீரா என்ற ஊர் வந்தது. அங்கே கம்பளிக்காரர், சாயக்காரர், தோல்காரர், செம்பு வேலைக்காரர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"துணி வேலைக்காரங்களா? நம்ம ஆளுங்களா?"

அதற்குள் பேக்கிங் பெண்கள் நாலைந்து பேரும் வந்து சேர்ந்திருந்தார்கள். "அங்கயும் டார்கெட் இருந்திருக்கும்கா" என்றாள் ஒருத்தி.

சங்கத்தின் விருந்து சாமி சிலைக்கு முன்னால் நடக்கும். அதில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பெரிய ஊர்களில் பேரரசனுக்கே கோயில் இருந்தது. ஒரு சிட்டிகைத் தூபம் போட்டு அவனைத் தெய்வம் என்று வணங்க வேண்டும். மறுப்பவனோடு வியாபாரம் செய்ய மற்றவர்கள் தயங்குவார்கள். வாங்க விற்க முடியாமல் போவது என்பது அந்த ஜனங்களுக்கு என்றோ வரப்போகும் சங்கதி இல்லை, கண்ணெதிரே இருந்த கவலை. மிருகம் என்று கேட்டதும் தங்களை ஆண்ட அரசாங்கம்தான் அவர்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

"அப்ப அந்த நம்பர்?" என்றாள் அக்கா, குரலை இறக்கி.

அதற்கும் ஒரு பக்கம் இருந்தது. அவர்களுக்கு எண்ணுக்கென்று தனி எழுத்து இல்லை. எழுத்தே எண். ஆகவே ஒருவர் பெயரைக் கூட்டினால் ஒரு தொகை வரும். கிறிஸ்தவர்களை வதைத்த நீரோ என்ற பேரரசனைத்தான் அந்த எண் குறிக்கிறது என்பது பலருடைய கருத்து. இதே வழக்கத்தில் ஒரு பழைய ஊரின் சுவரில் எவனோ கிறுக்கி வைத்திருக்கிறான், நான் நேசிக்கிற பெண்ணின் எண் ஐந்நூற்று நாற்பத்தைந்து என்று.

எல்லோரும் சிரித்தார்கள். "என் எண் என்னவோ, கேக்கத்தான் ஆளில்ல" என்று சொல்லி அக்காவும் சிரித்தாள். நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சிரிப்பு நின்றதும் கேட்டாள்: "அப்ப இது அவங்களுக்கு மட்டும் எழுதினதா? நமக்கு இதுல ஒண்ணுமே இல்லையா?"

மிச்சம் இருந்த ஆறு பக்கத்தையும் அடுத்த இரண்டு நாளில் படித்து முடித்தேன். கடைசிப் பக்கத்தில் பேராசிரியர் எழுதியிருந்தார்: முதலில் கேட்டவர்கள் முன் நின்ற கேள்வி, பிழைப்புக்காக யாரைக் கும்பிடப் போகிறாய் என்பது. அந்தக் கேள்வி மட்டும் எல்லாக் காலத்துக்கும் உரியது.

அக்கா அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு மேசைக்குப் போனாள். அன்று பதினான்காம் தேதி. சாயங்காலம்வரை ஊசியும் நூலுமாகக் குனிந்தே இருந்தாள். மணி அடித்ததும் என்னிடம் வந்தாள்.

"யோசிச்சுப் பாத்தேன். அந்த மெஷின் என்னைக் கும்பிடச் சொல்லல. வந்தியா வரலையான்னுதான் கேக்குது. வந்தேன்னு சொல்லிட்டுப் போறேன். என்னைக்காவது கும்பிடச் சொன்னா அன்னைக்கு வேலையை விடுறேன்."

"பயமா இல்லையாக்கா?"

"பயமாத்தான் இருக்கு. நீ கூட வா."

மறுநாள் காலை டைம் ஆபீஸ் முன்னால் வரிசை. அக்காவின் முறை வந்தபோது உதடு அசைந்துகொண்டே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை வைத்தாள். மெஷின் சிவப்பு காட்டியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. டைம் ஆபீஸ்காரர் ஈரத்துணியால் துடைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு அவள் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம்மா, எத்தனை வருஷமா ஊசியைத் தள்ளுறீங்க? ரேகையே இல்லையே, வழவழன்னு இருக்கு!"

"அக்கா, ஒரு வாரமா அழுதீங்களே, சாத்தானுக்கே உங்க கை வேணாமாம்!" என்று பின்னாலிருந்து பேக்கிங்காரி கத்தினாள். வரிசையே சிரித்தது. அக்கா கண்ணைத் திறந்தாள். தன் விரலைப் பார்த்தாள். ஈரம் நிறைந்த கண்ணோடு அவளும் சிரிக்கத் தொடங்கினாள். வலது கையில் ஒரு விரலும் பதியவில்லை. கடைசியில் இடது மோதிர விரல்தான் பதிந்தது.

மதியம் ஊசி டப்பாவுக்கு அடியிலிருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டாள். அட்டைப்பெட்டிக்கு மறைவில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு அது வெறும் மெஷின்தான்னு ஆகிப்போச்சு" என்றாள். "அந்த ஊருல ஒரு சாயக்காரி இருந்திருப்பா இல்ல? அவகிட்ட நிஜமாவே கும்பிடச் சொல்லியிருப்பாங்க. அவளுக்கும் வீட்டுல தங்கச்சி, பிள்ளைங்க இருந்திருக்கும். அவ என்ன பண்ணினான்னு அதுல போட்டிருக்கா?"

நான் பக்கங்களை மறுபடி புரட்டினேன். அப்படி ஒருத்தியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

"அந்த விருந்துக்குப் போயிருந்தாலும் பாவம், போகாம இருந்திருந்தாலும் பாவம்" என்றாள் அக்கா. "காலையில வரிசையில நின்னப்போ எனக்குன்னு ஒண்ணும் கேக்கத் தோணல. அவளுக்காகத்தான் ஜெபம் பண்ணினேன்."

"ரெண்டாயிரம் வருஷம் ஆச்சேக்கா" என்றேன்.

"லேட்டுதான்" என்றாள் அவள், டப்பாவைத் திறந்து பாதியை என் தட்டில் தள்ளியபடி. "ஆனா மேல டைம் ஆபீஸ் கிடையாதே."