அடுப்பு ஏறாத கப்

மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் பதினொரு பெண்களில், மாதவிடாய் வகுப்பு எடுக்க வந்த ஸுப்ரியாவிடம் கேள்வி கேட்டவள் சுபாஷிணி ஒருத்திதான். கேட்காமல் என்ன செய்வாள்? உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து ஒன்பது வருஷம். அந்த நாட்களில் கட்டுகிற துணி ஒருநாளும் வெயில் கண்டதில்லை. யார் கண்ணிலும் படக்கூடாதென்று கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவாள். கொச்சி மழையில் அது எங்கே உலர? ஈரத்தோடே கட்டிக் கட்டிப் புண்ணாகிவிட்டது. கிருமி கர்ப்பப்பைக்கு ஏறினால் அதையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். வயது முப்பத்திரண்டு.

ஸுப்ரியா கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். துணிக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொள்ள ஆளுக்கொரு கப் கொடுத்தாள். ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்தது. "மாசாமாசம் தண்ணியிலே அஞ்சு நிமிஷம் கொதிக்க வெச்சா மதி, அதுவே போதும், சேச்சி. கொதிக்க வெக்காம மட்டும் உள்ள வெச்சுக்கப்பிடாது."

அந்த அஞ்சு நிமிஷம்தான் சுபாஷிணியைக் கவிழ்த்தது. வீடு ஒரே அறை, அடுப்புக்கு மேலே குலசாமி திருநீற்றுப் பை. புருஷன் ஒச்சப்பன் கத்தவில்லை, கை ஓங்கவில்லை.

"அது போற எடம் என்ன, அடுப்பு என்ன? இனி இந்தப் பேச்சு வேணாம்."

சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். தூரமானால் மூன்று நாளும் வாசலுக்கு வெளியே கிடப்பவளுக்கு எதிர்த்துப் பேச வாய் ஏது?

கிடங்கில் சாயா போடும் ஷபானாவிடம் கேட்டாள். ஷபானா நல்ல மனசுக்காரி. கைப்பிடி போன பழைய பாத்திரம் ஒன்றைக் கொடுத்து, "சாயா எறக்கினதும் வெச்சுக்கோ, ஆரும் அறிய வேணாம்" என்றாள்.

இரண்டு மாதம் சொர்க்கம்தான். எரிச்சல் நின்றது, நன்றாகத் தூங்கினாள். பாவி மகள், அந்தச் சந்தோஷத்தை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாமல், பக்கத்தில் உட்காரும் லோகாம்பாளிடம் சொல்லித் தொலைத்தாள்.

"நீயும் போட்டுப் பாருக்கா. ஷபானா அடுப்புலயே கொதிக்க வெச்சுக்கலாம்."

மறுநாள் ஒருத்தியும் சாயாவைத் தொடவில்லை. பத்துக் கிளாஸும் ஆடை கட்டி ஆறிக் கிடந்தன. அன்றைக்கு வகுப்பில் தலையாட்டிக் கேட்டவர்கள்தான் அத்தனை பேரும்! ஷபானா பாத்திரத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, "என் பிழைப்பும் போயிரும் சுபா" என்று அழுதாள். சுபாஷிணி கப்பைப் பழந்துணியில் சுற்றிப் பெட்டிக்கடியில் போட்டாள். துணி திரும்ப வந்தது. பின்னாலேயே எரிச்சலும் வந்தது.

ஆடி மழையில் ஸுப்ரியா நோட்டோடு வந்தாள். "யார் யாரெல்லாம் கப் யூஸ் பண்றேள்?"

முதல் கை லோகாம்பாளுடையது. பிறகு ஒவ்வொன்றாகப் பத்துக் கையும் உயர்ந்தன, துணி கட்டுகிறவர்கள்தான் அத்தனை பேரும். தான் மட்டும் இல்லையென்று சொன்னால் ஏனென்று கேட்பாள், சாயா சமாசாரம் வெளியே வரும், ஷபானா வேலை போகும். சுபாஷிணி ஒரு கையால் அடிவயிற்றை அமுக்கிக்கொண்டு மறு கையைத் தூக்கினாள்.

ஸுப்ரியாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாரும் பாஸ். இனி இங்க கிளாஸே வேண்டாம், சேச்சி. அடுத்த கிடங்குக்குப் போறேன்."

அவள் குடை விரித்துக் கிளம்பினாள். சுபாஷிணி ஈரத்துணி உறுத்த நகர்ந்து உட்கார்ந்து, அடுத்த சாக்கை அவிழ்த்தாள்.